பல் மருத்துவமனையில் விசில் ஊதியது தொடர்பாக

என் பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் மேல்தாளில் எழுதியிருக்கிறபடி சரி. வயது எழுபத்தொன்று. கொதிகலன் தொழிற்சாலையில் வெல்டிங் சோதனைப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பு. எக்ஸ்ரே மாதிரியான கதிர்வீச்சு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலையிலும், சொந்தமாக வாங்கிப் படித்த புத்தகங்களிலும் கற்றது. தொழிற்சாலையில் என்னை ‘விசில்’ என்றே கூப்பிடுவார்கள். அதன் காரணம் வழக்குக்குத் தேவை என்பதால் சொல்கிறேன்.

குழாய்களின் வெல்டிங்குக்குள் குறை இருக்கிறதா என்று பார்க்கக் கதிர் செலுத்தி ஃபிலிம் எடுப்போம். அதற்கு முன் சுற்றிலும் கயிறு கட்டி, விசில் ஊதி, எல்லோரையும் முப்பது அடிக்கு அப்பால் அனுப்புவது என் பொறுப்பு. ஒரு முறை நான் ஊதியும் கேளாமல் கயிற்றைத் தாண்டிப் போய், கருவியிலிருந்து கழன்று விழுந்த, கதிர் வீசும் குப்பியைக் கையால் எடுத்த என் கூட்டாளி மூன்று விரலை இழந்தான். அன்று முதல் விசில் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

என் மனைவிக்கு வயது அறுபத்தாறு. சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்பு அவளுக்குக் கீழ்த்தாடையின் இடது பக்கம் வலி வந்தது. பல் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். டாக்டர் எங்கள் மகள் வயதுள்ள பெண். பல்லில் சொத்தை எதுவும் தெரியவில்லை, எக்ஸ்ரே எடுத்தால்தான் சொல்ல முடியும் என்றார். “கண்ணால பாத்து சொல்லத் தெரியலைன்னா அவ்வளவு படிப்பு எதுக்கும்மா?” என்று கேட்டுவிட்டு மனைவியை அழைத்து வந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு முறை போனோம், இரண்டு முறையும் எக்ஸ்ரேக்கு நான் மறுத்தேன். மனைவி ஒரு பக்கமாக மென்றாள். அதன் பிறகு எதையும் கரைத்துத்தான் குடித்தாள். தொலைபேசியை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை என்பாள்.

சென்ற மாதம் பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு மகள் வந்து, மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லித் தாயை அழைத்துப்போனாள். போன பிறகு பார்த்தேன், மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருந்தது. உடனே கிளம்பிப் பல் மருத்துவமனைக்கு நடந்தேன். அது மாடியில் இருக்கிறது. வெளியறையில் ஆறு பேர் காத்திருந்தார்கள்; மகள் டாக்டரின் அறைக்குள் இருந்தாள். உதவியாளர் பெண் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திவிட்டு, வயரோடு பொத்தானைப் பிடித்தபடி வெளியே வந்து நின்றாள். கண்ணாடிச் சதுரம் வழியாக என் மனைவியின் பாதம் தெரிந்தது.

“ஆபத்து இல்லைன்னா நீ ஏம்மா வெளிய வந்து நிக்கற?” என்று கேட்டேன்.

“எப்பவும் இப்படித்தான் தாத்தா” என்றாள்.

அது பதில் இல்லை. அதன் பிறகு மூன்று முறை விசில் ஊதினேன், எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னேன், மெயின் சுவிட்சை இறக்கினேன். ஐந்து பேர் ஒழுங்காக இறங்கினார்கள். ஆறாவது ஆளான தையற்காரர் கடைசிப் படியில் தடுமாறி வலது மணிக்கட்டு அடிபட விழுந்தார்.

அதன் பிறகு அறைக்குள் போய் மனைவியை எழுந்திருக்கச் சொன்னேன். அவள் மார்பின்மேல் கனமான ஈய அங்கி இருந்தது. அவள் எழவில்லை.

“நாப்பத்தஞ்சு வருஷமா நீங்க ஊதினா நான் எழுந்திருச்சிருக்கேன். இன்னிக்கு முடியாது. கயித்துக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க” என்றாள்.

கயிறு எதுவும் அங்கே இல்லை.

டாக்டர் கீழே போய்த் தையற்காரர் கையை அட்டை வைத்துக் கட்டி உட்கார வைத்துவிட்டு மேலே வந்தார். என்னைத் திட்டவில்லை. “உங்க கேள்வி சரிதான் ஐயா. அவ தினம் முப்பது படம் எடுக்கறா, வருஷம் பூரா. அதனால வெளிய நிக்கறா. அம்மாவுக்கு இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு. மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் ஒரு நாள்ல நம்ம மேல தானா படறது இருக்கே, அந்த அளவுகூட இதுல வராது. தேவையில்லாம நானும் எடுக்க மாட்டேன்” என்றார்.

அளவை எண்ணில் எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். வேலையில் ஒரு வருடத்துக்கு என் உடம்பில் படலாம் என்று விதித்திருந்த அளவு எனக்கு மனப்பாடம். இரண்டையும் பென்சிலால் வகுத்துப் பார்த்தேன். இரண்டாவது முறையும் பார்த்தேன். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. பத்து நிமிடம் ஆனது. அதன் பிறகு சுவிட்சை நானே ஏற்றிவிட்டு, உதவியாளர் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

படம் திரையில் வந்தது. வெல்டிங் ஃபிலிமில் கருப்பாகத் தெரிந்தால் அந்த இடத்தில் இரும்பு இல்லை, குமிழி என்று பொருள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். மேலே கீறல்கூட இல்லாத பல்லின் வேருக்கடியில், தாடை எலும்புக்குள், பட்டாணி அளவில் கருப்பு இருந்தது. சீழ் என்றார். இன்னும் விட்டிருந்தால் எலும்பை அரித்துக்கொண்டே போயிருக்கும் என்றார். ஃபிலிம் பார்க்காமல் ஒரு குழாயையும் நான் வெளியே அனுப்பியதில்லை. என் மனைவியை மூன்று முறை அனுப்பியிருக்கிறேன்.

அன்றே சீழை எடுத்தார்கள். அதன் பிறகு தையற்காரரைப் பெரிய மருத்துவமனைக்கு நான் அழைத்துப்போனேன். அங்கே எக்ஸ்ரே அறை வாசலில் அவர், “இதுக்கும் ஊதுவீங்களா, இல்ல நான் உள்ள போகலாமா பெரியவரே?” என்று கேட்டார். கதவைத் திறந்து பிடித்தேன். எலும்பில் விரிசல் இருந்தது. புகார் கொடுத்தது அவர்தான். அது கத்தரிக்கோல் பிடிக்கிற கை. புகார் நியாயமானது.

உதவியாளர் ஏன் வெளியே நிற்கிறார் என்பதை அந்தக் கதவில் எழுதி ஒட்டியிருந்தால் நான் விசிலை எடுத்திருக்க மாட்டேன் என்பதையும் இதில் சேர்க்கச் சொன்னேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்றார் இதை எழுதிக்கொள்ளும் காவல் அதிகாரி. சேர்க்காவிட்டால் கையெழுத்து இல்லை என்றேன். சேர்த்தார். விசிலை ஒப்படைத்துவிட்டேன், திரும்பக் கேட்க மாட்டேன்.

மேலே உள்ளதை அதிகாரி படித்துக் காட்டக் கேட்டேன். யாரும் மிரட்டவில்லை, எதுவும் பொய்யில்லை. ஓரிடத்தில் அவர் என்மேல் இரக்கப்பட்டு ‘பதற்றத்தில் செய்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தார். நான் பதறவில்லை. அதை அடித்துவிட்டு, ‘தவறாகத் தெரிந்துவைத்திருந்து, நிதானமாகச் செய்தேன்’ என்று எழுதச் சொல்லி, அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)