கருமஞ்சள் செத்துவிட்டது என்று சொன்னேன்

பாப்பா, நீ எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன். முதலில் ஒன்று. நீ மேசையில் வைத்துவிட்டுப் போன பேனா சரியில்லை. நாலு வரிக்கு ஒருமுறை உதற வேண்டியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் மாமாவுக்குக் கை நடுங்கியது என்று நினைத்துக்கொள்ளாதே. நடுங்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக நர்சரியில் செடி விற்கிறேன். செடி விற்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. மளிகைக் கடையில் தராசு முள்ளை உற்றுப் பார்க்கிறவர்கள், என்னிடம் "இது நிழல்ல வருமா?" என்று மட்டும் கேட்டு, நான் தலையாட்டினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வராது. மறுபடி என்னிடமே வந்து வேறு ஒன்று வாங்குவார்கள்.

கடைக்கு வாடிக்கையாக ஒரு மாட்டு டாக்டர் வருவார். பத்து வருஷம் அவர் காரில் உரமூட்டை ஏற்றிவிட்டவன் நான். அவரிடம் கருமஞ்சள் இருந்தது. கிழங்கை வெட்டினால் உள்ளே மஞ்சளாக இருக்காது, நீலம் பாய்ந்து கருத்திருக்கும். முகர்ந்தால் கற்பூர வாசனை. இலையின் நடுவே மேலிருந்து கீழ்வரை கருஞ்சிவப்பில் ஒரு கோடு. மருந்துக்கு ஆகும் என்பார்கள். கிடைப்பது குதிரைக்கொம்பு. விரலளவு கிழங்குக்காகப் பத்து வருஷம் அவரிடம் பல்லிளித்தேன். "பாப்போம்ப்பா" என்பார்.

ஒருநாள் நான் உங்கள் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க உன் அம்மா கடைக்கு வந்தாள். டாக்டரோடு ஐந்து நிமிஷம் பேசியிருப்பாள். மறுநாள் கிழங்கு அக்கா கையில். "நான் கேக்கவே இல்லடா, அவரே குடுத்தாரு" என்று வேறு சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

துண்டு கேட்டேன். "பெருகட்டும் தம்பி, மொதத் துண்டு உனக்குத்தான்" என்றாள். கொடுத்தும் இருப்பாள். துண்டு வாங்கிக்கொள்கிற இடத்தில் என்னை வைத்துவிட்டாளே என்பதுதான் உறுத்தியது.

அக்காவின் கண்ணில் அழுத்தம் ஏறியது உனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வை நிற்கும், போனது திரும்பாது என்றார் கண் டாக்டர். அக்காவுக்குக் கத்தி என்றாலே உதறல். சாக்குத் தேடினாள். செடி அகப்பட்டது. "இதுல அடுத்த குருத்து வரட்டும், மறுநாளே போய்ப் படுத்துக்கறேன்" என்றாள். நீ போனில் கேட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

சொல்லிவைத்த மாதிரி இலை பழுக்க ஆரம்பித்தது. குளிர் வந்தால் மஞ்சள் செடியின் இலையெல்லாம் காய்ந்துபோய், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். வெயில் ஏறினால் எழுந்து வரும். எங்கள் கடையில் தரை கூட்டுகிற அம்மாவுக்குக்கூட இது தெரியும். அக்காவுக்குத் தெரியாது. "வந்து என்னன்னு பாருடா" என்று கூப்பிட்டாள். தொட்டி மண்ணில் விரலை விட்டுக் கிளறினேன். கிழங்கு கல் மாதிரி இருந்தது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"போயிடுச்சுக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"அழுகிப்போச்சு. நானே கொண்டுபோய்க் கொட்டிடறேன். நீ பாத்தா மனசு கஷ்டப்படும்."

அக்கா அழுதாள். ஒரு கையில் தொட்டியை அணைத்துக்கொண்டு மறு கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மண்தொட்டி, நல்ல கனம். அந்தச் சிரமத்தையும் நீ பார்க்க வேண்டும்.

"அதுவே பொழைக்கல, நான் எதுக்குப் போய்க் கண்ணக் கிழிச்சுக்கணும்?" என்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நீ போன் செய்து, "மாமா, நீங்க சொன்னாத்தான் அம்மா கேப்பாங்க, எப்படியாவது சம்மதிக்க வைங்க" என்றாய். நான் சும்மா இருக்கவில்லை பாப்பா. கெஞ்சினேன். கோபித்துக்கொண்டேன். ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தேன். கண் ஆஸ்பத்திரி நர்ஸைக் கூட்டிவந்து பேசவைத்தேன். ஒரு வழியைத் தவிர எல்லா வழியிலும் முயன்றேன்.

அந்த ஒரு வழி என் வீட்டுக் குளியலறை ஜன்னலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப்போய்க் காட்டியிருக்கலாம். காட்டினால் தொட்டி அங்கேயே தங்கிவிடும்.

நாலாம் மாதம் குருத்து விட்டது. அன்று வேலைக்குப் போகவில்லை. வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷத்தில் அக்கா ஞாபகம் வந்தது. இரக்கம் வராமல் இருக்குமா? கடையிலிருந்து சாதாரண மஞ்சளில் ஒரு குருத்தை எடுத்து, அதே அளவுத் தொட்டியில் நட்டு, கொண்டுபோய் வைத்தேன். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்க்கா, உயிர் இருந்திருக்கு" என்றேன். அன்றைக்கே ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். நீகூட "மாமா மாமாதான்" என்றாய்.

ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் இரண்டு இலை விரிந்துவிட்டது. கோடு வேண்டுமே. செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிற மைப்பேனாவால் நானே போட்டேன். சுத்தமாக வந்தது. அக்கா இலையைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்து, "மங்கலாத்தான் தெரியுது, ஆனா கோடு இருக்குடா" என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது யார்?

ஆபரேஷன் நடந்தது. பார்வை நிற்கவில்லை. வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிழலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் கண் டாக்டர். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார்" என்றேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதற்கப்புறம் இலையில் கோடு போடுகிற வேலை மிச்சமாயிற்று.

இன்று காலை நீ வந்து, அம்மாவின் தொட்டியில் கிழங்கை நகத்தால் கிள்ளிப் பார்த்தாய். உள்ளே பளீரென்று மஞ்சள். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற பெண்ணிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? நேராக என் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் திறந்தாய். கத்தவில்லை. "எல்லாத்தையும் எழுதிக் குடுங்க மாமா. சாயங்காலம் தொட்டிய எடுக்க வருவேன்" என்று மட்டும் சொன்னாய்.

எழுதிவிட்டேன். நான்தான் செய்தேன். அக்காவுக்குப் படித்துக் காட்டுவது உன் இஷ்டம், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் தொட்டியை மட்டும் இந்த மாதம் தொடாதே. கிழங்கு பிடிக்கிற நேரம். இப்போது வெளிச்சம் மாறினால் செடி தாங்காது. ஒரு உயிர் விஷயத்தில் நான் என்றைக்கும் அலட்சியமாக இருந்ததில்லை.