கிளட்ச் பிடிக்கிற இடம்

— மறுபடியும் நின்னுபோச்சு பாருங்க டாக்டர்!

— காலை சட்டுனு எடுத்துட்டேன் மாஸ்டர்.

— நாலு வாரமா இதே கதைதான். கிளட்ச்ல இருந்து கால் மெல்ல வரணும். பாதி வந்ததும் வண்டி லேசா நடுங்கும். அங்கயே காலை நிறுத்திடணும். நடுக்கம் அடங்கினப்புறம் மிச்சத்தை விடணும். அப்படி என்ன அவசரம்?

— பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறானே.

— அடிக்கட்டும், அவன் காதுக்கு அவனே அடிச்சுக்கிறான். டாஷ்போர்டுல என்ன ஒட்டியிருக்கேன்? படிங்க.

— ‘பதறாத காரியம் சிதறாது.’

— ம். மனப்பாடம் ஆகட்டும்.

— ஊருக்கே பொறுமை சொல்லிக் குடுக்கறவர், இன்னைக்கு முகம் ஏன் தொங்கிக் கிடக்கு?

— ஒண்ணு கேக்கலாமா டாக்டர்? ஒரு வண்டி இருக்கு. கியர் போடறதுக்குள்ள ஊர் வந்துடுது.

— நல்ல வண்டிதானே!

— கூட ஏறினவங்களுக்கு வழியே தெரியலையே. கதவைச் சாத்தினதும் இறங்குன்னா எப்படி?

— மெக்கானிக்கிட்ட காட்டினீங்களா?

— அந்த வண்டியை அவன்கிட்ட காட்ட முடியாது.

— என்ன மாடல்?

— வர்ற மாசம் நாப்பத்திரண்டு முடியுது.

— ஓ... புரிஞ்சுது. இருங்க, ஓரம் கட்டறேன். எவ்வளவு நாளா?

— கல்யாணம் ஆனதுல இருந்து. மூணு வருஷம். ஒரு நிமிஷம் தாண்டினதில்ல. பந்திக்கு முந்துன்னு சொன்னதைத் தப்பான இடத்துல கேட்டு வச்சேன் போல. அட, என்ன டாக்டர் இது! சுவத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண்தான். இவ்வளவு அழகா எப்படி நிறுத்தினீங்க?

— பேச்சு மும்முரத்துல... தானா வந்துடுச்சு.

— நினைப்பு வேற பக்கம் போனா உங்களுக்கு வருது. நான் அதையும் பாத்துட்டேன். அந்த நேரத்துல போக்குவரத்து விதிகளை மனசுக்குள்ள ஒப்பிச்சேன். ரெண்டாவது விதியிலயே முடிஞ்சுபோச்சு.

— வீட்ல என்ன சொல்றாங்க?

— முதுகுவலின்னு பொய் சொல்லிட்டு ஆறு மாசமா ஹால்ல படுத்துக்கறேன். எனக்கு அவளைப் பிடிக்கலன்னு அவளா முடிவு பண்ணிட்டா. இன்னைக்கு அவ அக்கா வீட்டுக்குக் கிளம்பறா. போனா திரும்பி வரமாட்டா டாக்டர். எனக்குத் தெரியும்.

— காரணத்தைச் சொல்லிட வேண்டியதுதானே?

— எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? விளம்பரம் பாத்து ஒரு பொடிகூட வாங்கினேன். ‘குதிரை வேகம்’னு போட்டிருந்தான்.

— உங்க பிரச்சினையே வேகம்தானே மாஸ்டர்!

— அது வயித்தைக் கலக்கினப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

— தூக்கிப் போடுங்க அதை. நாலஞ்சு ஆம்பளையில ஒருத்தருக்கு எப்பவாவது வர்றதுதான் இது. ஆண்மைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சிலருக்கு உடம்புவாகு, பலருக்குப் பயம். எப்பவாவது தைராய்டு கோளாறாவும் இருக்கும், அதைப் பரிசோதிச்சுடலாம். மாத்திரை இருக்கு, லேசா மரத்துப்போக வைக்கிற களிம்பு இருக்கு. ஆனா பாத்துத்தான் குடுக்கணும், கடையில நீங்களா வாங்கக்கூடாது. அதோட கொஞ்சம் பயிற்சி.

— பயிற்சியா? எனக்கா?

— முதல் பாடம் உங்களுக்கே தெரியும். பாதி வந்ததும் லேசா நடுங்கும்...

— அங்கயே நிறுத்திடணும்...

— அடங்கினப்புறம்?

— மிச்சத்தை... அடக் கடவுளே!

— நிறுத்தி நிறுத்தித்தான் போகணும். நடுவுல நின்னுபோனா இன்னொரு நாள் சாவி போட்டுக்கலாம். யாரும் ஃபெயில் போடப்போறதில்ல. ஆனா உங்க வண்டியில பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்கே, அது இதுக்கும் வேணும். அவங்களுக்குத் தெரியாம இந்தப் பாடம் நடக்காது.

— அவகிட்ட நான் எப்படி... ஐயோ, போன். அவதான்!

— எடுங்க. பதறாம.

— ஏங்க, பையைக் கட்டிட்டேன். சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போகவா?

— போகாத. ஒரு நிமிஷம் கேளு. எனக்கு முதுகுவலியே கிடையாது.

— தெரியும்.

— உன்னைப் பிடிக்காமயும் இல்ல. ரொம்பப் பிடிச்சிருக்கு. எனக்குத்தான்... சீக்கிரமே முடிஞ்சுபோகுது. அந்த வெட்கத்துலதான் ஹாலுக்கு ஓடினேன். இப்பதான் ஒரு டாக்டர்கிட்ட வாயைத் திறந்தேன். நீயும் கூட வரணுங்கறார்.

— அப்பாடா! ஒருவழியா சொல்லிட்டீங்களா?

— நல்ல மனுஷன். என்கிட்ட கார் கத்துக்க வர்றவர். கிளட்ச்தான் பாவம், வரவே மாட்டேங்குது.

— நான் வர்றேங்க. பையை அவிழ்த்துடறேன். அவரை மட்டும் இனிமே விட்டுடுங்க. நீங்க கிளினிக் படியேற மாட்டீங்கன்னு நான் அவர்கிட்ட போய் அழுததுக்காக, பன்னெண்டு வருஷமா கார் ஓட்டற மனுஷன் நாலு வாரமா கிளட்சைத் தப்புத் தப்பா விட்டுக்கிட்டிருக்கார்.