விசாவுக்குப் போன நெற்கதிர்

"வெள்ளக்காரிக்கு விசா நீட்ட, வயல்லருந்து கதிர அறுத்துக்கினு போனேன்டி" என்று ஒரு குரல் கேட்டது. பாகூர் பஸ்ஸில் கண்ணயர்ந்திருந்த நான் நிமிர்ந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"இன்னாக்கா சொல்ற? உங்க வூட்ல தங்கி நெல்லப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதே, அந்தப் பொண்ணுக்கா?"

"அவளுக்குதான். சட்டத்த மாத்திட்டாங்களாம். வேல முடியலன்னு அத்தாட்சி காட்டணுமாம். இல்லன்னா இந்த வாரமே பிளேன் ஏறணுமாம்."

"அய்யய்யோ!"

"விசா ஆபீசுல கதிர மேசமேல வெச்சேன். நசுக்கிப் பாருங்க சார், இன்னும் பாலுதான் வருது, இத உட்டுட்டு அவ எப்பிடிப் போவான்னு கேட்டேன். ஆபீசரு நசுக்குனாரு. வெரலத் தொடச்சிக்கினு, அறுப்பு வரைக்கும் இருக்கட்டும்னுட்டாரு."

எத்தனையோ விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்ற எனக்குத் தெரிந்து, இணைப்புகளில் நெற்கதிருக்கு இடமில்லை.

"அறுப்பு எப்பன்னு கேக்கலியா?"

"கேட்டாரு. பொங்கல் கழிச்சுன்னேன். அப்பிடியே தேதி போட்டு முத்திர குத்திட்டாரு."

"யக்கா! உன் நெல்லு மார்கழிலயே அறுப்புக்கு வந்துடுமே!"

"வரட்டும், அறுக்கறேன். அதுக்காவ எங்கூட்டுப் பொண்ண பொங்கல் துன்னாமலா அனுப்புவேன்?"