அசைவது நீக்கப்படும்

பழவேற்காட்டில் சாப்பிட்ட இறால் தொக்கு மாதிரி நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை, இன்ஸ்பெக்டர் சார். சமைத்தவர் கைருன் பீவி. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. கணவர் முகைதீன் இறந்துவிட்டதால் பீவி இத்தா என்ற துக்கக் காலத்தில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார், அந்நிய ஆண் எதிரே வரமாட்டார். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். மகன் ஆதில் தட்டைக் கொண்டுவந்து வைப்பான்.

பழைய கட்டடங்களின் வரலாறுதான் என் ஆராய்ச்சி; அவர்களுடைய பழைய வீட்டை அளக்கப் போயிருந்தேன். முன்பெல்லாம் டேப்பும் தாளுமாக மாதக்கணக்கில் அளப்பார்கள். இப்போது முக்காலியில் லேசர் ஸ்கேனரை நிறுத்தினால், அது சுழன்று சுவரைக் கோடிக்கணக்கான புள்ளிகளாக எடுத்துக்கொள்ளும். குறுக்கே ஆள் நடந்தாலும் கவலையில்லை. அசைகிற எதையும் மென்பொருள் குப்பை என்று நீக்கிவிடும். கட்டடம் மட்டும் மிஞ்சும்.

செங்கல் அடுக்கை மற்ற பழைய சுவர்களோடு ஒப்பிட்ட கணினி, பீவியின் அறைச் சுவருக்குள் டச்சுக்காரர் காலத்து வளைவு ஒன்று மூடிக்கிடக்கிறது என்றது. நான் அந்த அறைக்குள் போக வழியில்லை. கணினிப் படத்தில் அது மட்டும் கறுப்புச் சதுரம்.

ஆதில் பார்த்துவிட்டுச் சிரித்தான். "உம்மா, ஊடு பூரா தெரியுது, நீ மட்டும் கரண்ட் கட்டு!"

"கெடக்கட்டும்டா. என்னை அளந்து இன்னா பண்ணப் போறாரு அந்தத் தம்பி?"

"இத்தா முடியட்டும் ஹேமந்த்ணா," என்றான் என்னிடம். "அப்பால நீயே உள்ள போய் அளந்துக்கோ."

நியாயமான பேச்சு. ஆனால் வேறொரு குழுவும் அந்த வளைவைத் தேடிக்கொண்டிருந்தது. மழைக்காலம் முடிந்ததும் வருவதாக இருந்தார்கள்.

கொல்லைப்புறத்தில் அந்தச் சுவருக்குப் பனங்கட்டை ஒன்று முட்டுக் கொடுத்திருந்தது. அது ஸ்கேனை மறைத்தது. ஆதிலும் நானும் சேர்ந்து அகற்றினோம்.

"திருப்பி வெச்சிடுவல்லணா?"

வைப்பதாகச் சொன்னேன். வைக்கவில்லை.

முந்தைய ஸ்கேன்மேல் புதியதை வைத்துப் பார்த்தால் சுவர் நகர்ந்த இடம் சிவப்பாகத் தெரியும். முதலில் கையகலம் இருந்தது. மழை பிடித்ததும் ஜன்னல்வரை போனது. பிறகு கட்டில் இருக்கிற பக்கம் படர்ந்தது. தினமும் பார்த்தேன்.

"தம்பி, செவுத்துலேர்ந்து மண்ணு கொட்டுது," என்றார் பீவி ஒரு சாயங்காலம். "நான் கூடத்துல படுத்துக்கட்டா?"

"கூடத்துல சாமான் பரப்பியிருக்கேன்மா. கம்ப்யூட்டர்ல பார்த்துட்டேன், சுவர் கல்லு மாதிரி நிக்குது."

"கம்ப்யூட்டரே சொல்லிடிச்சா? அப்ப சரி. சாப்ட்டுப் போ தம்பி."

ஆபத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பார். உயிருக்கு ஆபத்தென்றால் இத்தா தடுக்காது என்று ஆதில் எனக்கு முன்பே சொல்லியிருந்தான்.

மறுநாள் மத்தியானம். ஆதில் மீஞ்சூருக்கு வேலைக்குப் போயிருந்தான். சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. வளைவு அங்கேதான் இருந்தது, சார். கணிப்பு ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை. அக்கம்பக்கத்தார் வந்தால் கல்லைப் புரட்டி அடுக்கைக் கலைத்துவிடுவார்கள். தெருக்கதவைத் தாழிட்டேன். முக்காலியை நிறுத்தினேன். இடிபாட்டுக்கு அடியிலிருந்து, "தம்பி, தம்பி" என்று குரல் வந்தது. ஸ்கேனர் நிதானமாகத்தான் சுழலும். ஒரு இடத்திலிருந்து எடுத்தால் போதாது. இடம் மாற்றி மாற்றி வைத்தேன். கடைசிச் சுற்றில் குரல் இல்லை. அதன்பிறகு கதவைத் திறந்து, உதவிக்கு ஆள் கூப்பிட்டேன்.

சுவர் விழுந்த பிறகும் உம்மா உயிரோடு இருந்தாரா என்று ஆதில் கேட்கிறானாம். இருந்தார். முதல் சுற்று முழுக்கக் கற்களுக்கு மேலே ஒரு கை அசைந்துகொண்டிருந்தது. அவரிடம் நான் பார்த்தது அந்தக் கை ஒன்றைத்தான். படத்தில் அது இல்லையே என்கிறீர்கள். அதை நீக்கியது மென்பொருள், சார். நான் நீக்கவில்லை.