நினியன் கட்டிய அபராதம்

வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவது எனக்கு வழக்கமில்லை, ஐயா. ரோனா இம்லாக் வந்த அன்றும் ஹெர்ரிங் மீனை ஓட்ஸ் மாவில் புரட்டிப் பொரித்துப் போட்டேன். கத்தியும் முள்கரண்டியும் பக்கத்திலேயே இருந்தன. அவள் கையால் பிய்த்துத் தின்று, விரலை நக்கினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிரீனக் துறைமுகத்தில் கார்ஸ்வெல் குடும்பத்தைத் தெரியாதவர் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பூர்வீகத்தைப் பழைய பதிவேடுகளில் தேடி எழுதி வருகிறேன். ஜமைக்காச் சர்க்கரையில் பணம் பார்த்த எங்கள் மூதாதை நினியன், அடிமைகளைக் குதிரைகளோடு சேர்த்து விலைபேசி வாங்கிய விவரமும் கிடைத்தது. வியாபாரம் அப்படித்தான். அழகாகப் படியெடுத்து வைத்தேன்.

ரோனாவும் முன்னோரைத் தேடித்தான் வந்தாள். மீன் கடைக்காரி. மீனுக்குக் குடல் எடுத்துப் பிழைத்த கிரிசெல் என்பவளின் வம்சமாம். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அவளோடு சேர்ந்ததற்காகத் தேவாலயம் நினியனுக்கு அபராதம் போட்டிருந்தது. வாலிபச் சபலம் என்று சிரித்துக்கொண்டே நானே அந்தப் பக்கத்தைக் காட்டினேன். புத்திகெட்ட வேலை.

அவள் நிதானமாகப் படித்தாள்.

"இது தப்புத்தண்டாவுக்குப் போட்டது இல்ல சார். பாதிரியார் இல்லாம கல்யாணம் கட்டுனதுக்குப் போட்டது. ரெண்டு சாட்சி முன்னால கையப் புடிச்சு இவ என் பொண்டாட்டின்னு சொன்னாலே அப்பல்லாம் நம்ம ஸ்காட்லாந்துல சட்டப்படி கல்யாணம்தான். இவங்க ரெண்டு பேருக்கும் பொறந்த புள்ள வழிதான் நாங்க. கிரிசெல் உசுரோட இருக்கறப்பவே இவரு பெரிய வீட்டுப் பொண்ணக் கட்டியிருக்காரு. அப்ப உங்க வம்சம்..." என்று நிறுத்தி, பரிதாபப்பட்டு என் கையைத் தொட்டாள். "விடுங்கண்ணே. சொத்துபத்து ஒண்ணும் வேணாம். கல்லறையில அவரு பேருக்குப் பக்கத்துல இவ பேரையும் வெட்டுனாப் போதும்."

அண்ணே என்றாள். அவள் போனதும் திரும்பத் திரும்பக் கை கழுவினேன்.

எங்கள் குடும்பக் கல்லறை குன்றின்மேல் இருக்கிறது. பிணத் திருடர்களுக்குப் பயந்து கட்டிய கல் அறை, கனத்த இரும்புக் கதவு. பெயரை எங்கே வெட்டலாம் என்று நீயே பார்த்துச் சொல் என்று மறுவாரம் அவளை அழைத்துப் போனேன். உள்ளே அவள் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்திப் பூட்டினேன். கொஞ்ச நேரம் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டாள். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. வீட்டுக்கு வந்து சூப் குடித்தேன். நன்றாகத் தூங்கினேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். குடும்பக் கல்லறையின் மானத்தைக் கெடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கார்ஸ்வெல் ரத்தம் இல்லாத யாரையும் நான் அங்கே வைக்கவில்லை.