நாளுக்கு ஒரு மயிரிழை

பாட வருகிறவர்களுக்கு நான் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பதில்லை. வெந்நீரை ஆற்றி, கைபொறுக்கும் சூட்டில், மூடியிட்ட குவளையில் வைப்பேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிறேன். இந்த வழக்கத்தை ஒருநாளும் தவறவிட்டதில்லை. என் தங்கைக்கும் அப்படித்தான் வைத்தேன். அந்த ஏழு வாரமும் வைத்தேன். அவள் தொண்டையின் மீது எனக்கு அக்கறை இல்லை என்று உங்களிடம் யாரேனும் சொல்லியிருந்தால், அதற்கு இதுவே பதில். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. குற்றத்தை எழுதும் பேனாவில் அக்கறையை எழுதவும் மை இருக்க வேண்டும்.

நான் எதையும் மறுக்கப் போவதில்லை. செய்தேன், தெரிந்து செய்தேன், காரணத்தோடு செய்தேன். காரணத்தைக் கேட்டபின் உங்களுக்கு என் மீதுள்ள கோபம் பாதியாகும் என்பது என் நம்பிக்கை.

என் தங்கை நாட்டுப்புற மெட்டுகளை ஜாஸ் இசையோடு சேர்த்துப் பாடியவள். அவளுடையது பெரிய குரல் அன்று. தணிந்த குரல்; பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைப் போன்ற குரல். அப்படிப்பட்ட குரலைப் பதிவு செய்வது எளிதன்று. மைக் ஓர் அங்குலம் தள்ளினால் அது வற்றிவிடும். ஓர் அங்குலம் நெருங்கினால் மூச்சு இரைச்சலாகிவிடும். பதினோரு ஆண்டுகள், ஐந்து ஆல்பங்கள், அந்த அங்குலத்தை நான்தான் அளந்து வைத்தேன். "காதோரம் வந்து பாடுகிறார்" என்று பத்திரிகைகள் எழுதின. காதோரம் கொண்டுவந்து விட்டவள் யார் என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். நார் இல்லாவிட்டால் பூ மாலையாவதில்லை என்று எவரும் சொல்வதில்லை. அதற்காக நான் வருந்தியவள் அல்லள். உண்மையைப் பதிவு செய்கிறேன், அவ்வளவுதான்.

ஒருநாள் முற்பகலில் அவள் என் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்தாள். இடுப்புவரை இருந்த கூந்தலைக் காதளவு வெட்டியிருந்தாள். காலில் புதிய பூட்ஸ், நடக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது.

"ராக் ஆல்பம் ஒண்ணு பண்ணப் போறேன்க்கா."

"எதுக்கு?"

"பதினோரு வருஷமா கண்ணை மூடிக்கிட்டே கேக்கறாங்க. ரசிக்கறாங்களா தூங்கறாங்களான்னே தெரியல. ஒருத்தராவது எழுந்து நிக்கணும்க்கா."

"நின்னா கால் வலிக்கும்."

"வலிக்கட்டுமே. எனக்கு முப்பத்தெட்டு ஆச்சு. இன்னும் தாலாட்டுக்காரின்னுதான் சொல்றாங்க. இது சரியா வரலைன்னா பாடறதையே விட்டுடறேன். பந்தயம் கட்டிட்டேன்."

"யாரோட?"

"என்னோடதான்."

நான் எடுத்துச் சொன்னேன். நயமாகச் சொன்னேன், கடிந்தும் சொன்னேன். பொன்னைக் கொடுத்து இரும்பை வாங்காதே என்றேன். அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்: "பொம்பளைன்னா மெதுவாத்தான் பாடணும்னு யாருக்கா எழுதி வச்சது?"

என்னிடமா அந்தக் கேள்வி? நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, "ஒயரும் கம்பியும் பொம்பளைக்கு எதுக்கும்மா, மைக்குக்கு முன்னாடி நில்லு, பின்னாடி நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்ன ஆண்கள் ஒருவர் இருவர் அல்லர். அவர்கள் அத்தனை பேரையும் எதிர்த்து நின்று இந்த நாற்காலியைப் பிடித்தவள் நான். அடிமைத்தனத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனால் எங்கள் இருவர் நிலையும் ஒன்றன்று. எனக்கு எது பொருந்தும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு எது பொருந்தும் என்பதும் எனக்குத்தான் தெரிந்திருந்தது.

வேறு கூடத்துக்குப் போகட்டும் என்று விட்டிருக்கலாமே என்பீர்கள். அங்கே அவளைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?

வாத்தியக்காரர்கள் வந்தார்கள். ட்ரம்ஸ் வாசிப்பவருக்கு இடி என்று பட்டப்பெயர். கிதார்க்காரர் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார், அவருக்கு ஒட்டடைக்குச்சி. முதல் வாரத்தில் ஒன்பது பாடல்களுக்கும் வாத்தியங்களை மட்டும் பதிவு செய்தோம். அடுத்து ஒவ்வொரு பிற்பகலும் அவற்றின் மேல் அவள் பாட வேண்டும்; வாத்தியக்காரர்களும் கூட இருந்து கேட்பார்கள். பூட்ஸ் கிறீச்சிடுவதால் அதைக் கதவருகே கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு கண்ணாடி அறைக்குள் நிற்பாள். "ராக் பாட வந்தவங்க சாக்ஸோட நிக்கறாங்கப்பா" என்று ஒட்டடைக்குச்சி கேலி செய்வார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு இந்தத் தொழில் புதிது. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். கண்ணாடி அறைக்குள் நிற்கிற பாடகர் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பார். வாத்தியங்களும் அவருடைய சொந்தக் குரலும் அதன் வழியேதான் அவர் காதுக்குப் போகும். எது எவ்வளவு போக வேண்டும் என்பதை இப்பக்கம், என் மேசையில் இருக்கிற குமிழ்கள் தீர்மானிக்கும். பாடகரின் குரலை அவருடைய ஹெட்ஃபோனில் மட்டும் குறைத்தால், பதிவில் ஒரு குறையும் தெரியாது. அவருக்குத் தெரியும். தன் குரல் எடுபடவில்லை என்று எண்ணுவார். இன்னும் அழுத்திப் பாடுவார்.

நான் குறைத்தேன். ஒரேயடியாக அன்று, அது முரட்டுத்தனம். நாளுக்கு ஒரு மயிரிழை. அவள் குரலை ஒரு மயிரிழை இறக்கினால், ட்ரம்ஸை ஒரு மயிரிழை ஏற்றினேன்.

"அக்கா, என் குரல் எனக்கே கேக்கல. கொஞ்சம் ஏத்து."

"ஏத்திட்டேன். இப்பப் பாரு."

கண்ணாடி வழியே அவள் பார்க்கும்படி குமிழின் மேல் கையை வைப்பேன். திருப்ப மாட்டேன். கையை எடுத்துவிடுவேன். "ம்ம், இப்ப பரவால்ல" என்பாள். மனிதருக்கு நம்பிக்கை என்பது எவ்வளவு பெரிய பொருள் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

இரண்டாம் வாரத்தில் அழுத்திப் பாடினாள். மூன்றாம் வாரத்தில் கத்தினாள். பாடியதைத் திரும்பப் போட்டுக் காட்டினால் அலறல்தான் கேட்டது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அவள் தொண்டையிலிருந்து வந்ததே அதுதான்.

"அக்கா, உங்க தங்கச்சி பாடறாங்களா, ஓடற பஸ்ஸை நிறுத்தறாங்களா?" என்று இடி கேட்டார்.

"உங்க இடியை நிறுத்தினா நான் ஏன்யா கத்தறேன்?" என்று அவள் மைக்கிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் திட்டம் நேர்மையானது. அவள் சலிப்பாள், தோற்பாள், திரும்பி வருவாள். அவ்வளவே. சொல்லித் திருந்தாதவரைப் பட்டுத் திருந்தவிடுவது உலக வழக்கம். ஆனால் அவள் சலிக்கவில்லை. இந்த இடத்தில் நான் அடைந்த எரிச்சலை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நான்காம் பாட்டின் ஒரே ஒரு வரியை ஒரு பிற்பகலில் நாற்பத்தொரு முறை பாடினாள். இருபதாவது முறையில் தொடையில் அறைந்துகொண்டாள். முப்பதாவது முறையில் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். நாற்பதாவதில் தரையில் உட்கார்ந்தாள். இதோடு முடிந்தது என்று நான் பதிவை நிறுத்தக் கை நீட்டினேன். எழுந்து நின்று, "இன்னொரு டேக்" என்றாள்.

அன்று மாலை கம்பளத்தின் மேல் படுத்துக்கொண்டு கேட்டாள்: "எனக்கு வரலையாக்கா? நேரா சொல்லிடு. உன் வாயால சொன்னா விட்டுடறேன்."

"வரும்" என்றேன்.

வராது என்று சொல்லியிருக்கலாம். அன்றே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் உடன்பிறந்தவளின் தன்னம்பிக்கையை நான் என் வாயால் குலைப்பதா? அது எனக்குத் தகாது. முடிவை அவளே எடுக்கட்டும் என்று விட்டேன். யாருடைய சுதந்திரத்திலும் நான் குறுக்கிட்டதில்லை.

ஐந்தாம் வாரத்தில் பேச்சே கரகரத்துவிட்டது. தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மறுநாள் சோதனை முடிவைச் சொல்ல மருத்துவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் நாணில் வீக்கம்; ஒரு சிறு இரத்தக் குழாய் புடைத்திருக்கிறது; பத்து நாள் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்றார். அவள் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாள் போதுமாம்" என்றேன்.

இதைக் கேட்டு உங்கள் பக்கத்தில் இருக்கிற காவலர் நிமிர்ந்து பார்க்கிறார். எண்ணிப் பாருங்கள், தம்பி. பத்து நாள் ஓய்ந்தால் குரல் தெளிந்து, புது வேகத்தோடு மறுபடி அந்தக் கண்ணாடி அறைக்குத்தான் போவாள். மூன்று நாள் என்றால் முடியாமல் விட்டுவிடுவாள். அவளை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவர எனக்கு இருந்தது அந்த ஒரு வழி.

ஏழாம் வாரத்தின் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால். கடைசிப் பாட்டு. அதில் உச்சத்துக்கு ஏறுகிற ஓர் இடம். வாய் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, கை உயர்ந்தது, குரல் வரவில்லை. அவள் அதை ஹெட்ஃபோனின் குறை என்று எண்ணினாள். கண்ணை மூடியபடியே, ஏற்று, ஏற்று என்று கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினாள். நான் ஏற்றினேன். அன்று உண்மையாகவே குமிழைக் கடைசிவரை திருப்பினேன். ஏற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

உள்ளே இரத்தம் கசிந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். அறுவை செய்தால் பேச்சு வரலாம், பாட்டு வராது. இப்போது எல்லாவற்றையும் எழுதித்தான் காட்டுகிறாள். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் ஒரு தாளில் எழுதினாள்: "தப்பு என் மேலதான்க்கா. பேராசைப்பட்டேன். நீ அன்னைக்கே சொன்ன." படித்துவிட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். சொல்லிக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு உண்டு.

உங்களிடம் புகாரோடு வந்தது இடிதான் என்பது எனக்குத் தெரியும். அவர் தன்னுடைய ட்ரம்ஸ்தான் அவளைக் கெடுத்தது என்று உருகிக்கொண்டிருந்தார். சாமான்களை எடுக்க வந்த அன்று, கணினி அன்றன்றைய குமிழ் அளவுகளோடு சேமித்து வைத்திருந்த, அவள் பாடிய ஒரு பழைய டேக்கைப் போட்டுக்கொண்டு, அவளுடைய ஹெட்ஃபோனை எடுத்துத் தன் காதில் மாட்டினார். பாட்டு முடியும்வரை கேட்டார்.

"அக்கா, இதுல என் ட்ரம்ஸ்தான் கேக்குது. அவங்க குரலே இல்லையே."

"அது அவளுக்குப் பழகிப்போச்சு" என்றேன்.

அவர் ஹெட்ஃபோனை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். தன் ட்ரம்ஸ் குச்சிகளைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னும் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். கணினியின் பட்டியலில், அவள் பாடத் தொடங்கிய முதல் நாளில், அழிக்கப்பட்ட பதிவு ஒன்று இருக்கிறது. அது என்ன என்கிறீர்கள். அதைக் கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். கேட்டுவிட்டீர்கள், மறைப்பதற்கில்லை.

அன்று வாத்தியக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். சும்மா ஒரு முறை பாடிப் பார்க்கிறேன் என்றாள். அன்றைக்கு நான் எந்தக் குமிழையும் தொட்டிருக்கவில்லை. நான் வைத்த மைக்கை விட்டு அவள் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள். கிட்ட வா என்று நான் கை காட்டியதைப் பார்க்கவில்லை. ஐந்தாம் பாட்டை முதலிலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் பாடினாள். கத்தவில்லை, ஐயா. ஒரு சொல்லில்கூடக் கத்தவில்லை. அந்த ட்ரம்ஸும் கிதாரும் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கியதைப் போல இருந்தது. இத்தனை ஆண்டுகளில் அவள் பாடியவற்றில் எதையும் நான் அதன் பக்கத்தில் வைக்க மாட்டேன். திருத்த வேண்டிய இடம் எங்கே என்று தேடினேன். ஓர் இடமும் இல்லை. நான் செய்வதற்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

முடித்துவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தாள். "எப்படிக்கா?"

"சத்தம் உடைஞ்சுடுச்சு. பதிவாகல" என்றேன்.

"போச்சு போ. சரி விடு, நாளைக்கு இதைவிட நல்லாப் பாடிடறேன்" என்று சிரித்தாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள். அவள் கதவைச் சாத்தியதும் அழித்தேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். அந்தப் பாட்டு வீணாயிற்றே என்று வருந்துகிறீர்கள் போலும். வீணாகவில்லை. முதலிலிருந்து முடிவுவரை, ஓர் எழுத்தும் தவறாமல், நான் கேட்டேன். ஒரு பாடகிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?