தப்பான காடியில் ஏறியவர்

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும் படகில் பதினோரு இருக்கைகள் காலியாக இருந்தும், ஒரு கணவனும் மனைவியும் என் முதுகுக்குப் பின்னால்தான் வந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். புதுக் காருக்கு, அவர்கள் வாயில் ‘காடி’க்கு, முன்பதிவு செய்யப் போவதாகப் பேச்சில் தெரிந்தது.

“தப்பான காடியில ஏறித்தானே என்னைக் கட்டிக்கிட்ட,” என்றார் கணவர்.

“மாக் மண்டின் பேக்டரியில ஷிப்ட் முடிஞ்ச களைப்பு. அண்ணன் காடின்னு நெனச்சு உங்க காடியில ஏறிட்டேன். நீங்களும் வாயைத் தொறக்காம பாதி வழி ஓட்டிட்டீங்க.”

“நீ எங்க பேச விட்ட? அதுக்காகத்தான்லா இத்தனை வருஷமா அதே கம்பெனி காடியா எடுக்குறேன். இப்பவும் அதான்.”

“அது ரொம்பத் தாழ்வுங்க. என் முட்டி மடங்க மாட்டேங்குது. வேற கம்பெனியில உசரமா ஒண்ணு பாத்தோமே.”

“நம்ம ராசியை மாத்தச் சொல்றியா?”

“அன்னைக்கு நான் கம்பெனி பாத்தா ஏறுனேன்? அண்ணன் காடி மாதிரி வெள்ளையா இருந்துச்சு, ஏறுனேன்.”

படகு கரை சேர்ந்தது. அந்த அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழ, அவர் கை கொடுத்தார்.

“அந்த உசரமான காடி வெள்ளையில இருக்கான்னு கேப்போம்,” என்றார்.